கண்ணில் தண்ணீர் வழிகிறது, டாக்டர் வறட்சி என்கிறார்: உலர் கண் பற்றி நம் கடற்கரைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

என் அம்மா ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கருவாடு காயவைக்கும் வேலை பார்த்தவர். கண் காந்துகிறது, மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்று நாலு வருடம் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்களும் மெடிக்கலில் கேட்டு ஒவ்வொரு சொட்டு மருந்தாக வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். கடைசியில் மதுரைக்குக் கூட்டிப்போனபோதுதான் அது உலர் கண் நோய் என்று தெரிந்தது. அதற்கப்புறம் தெரு, சொந்தபந்தம், கீழக்கரைத் தோழிகள் என்று எல்லோரும் என்னிடம் ஒரே மாதிரி கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் பக்கத்தில் இருந்து பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

தண்ணீராக வழிகிற கண்ணைப் போய் வறண்ட கண் என்கிறார்களே, எப்படி?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். அம்மாவும் இதனால்தான் நம்பவில்லை, முந்தானை நனைகிற அளவுக்கு வழிகிற கண்ணுக்கு வறட்சி என்று பேர் வைத்தால் யார் நம்புவார்?

கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. கருவிழியை ஒட்டிச் சளி போன்ற வழவழப்பு, அதோடு கலந்து தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிசாக எண்ணெய், இந்த மூன்றும் சேர்ந்துதான் கண்மேல் படலமாக நிற்கிறது. எண்ணெய் வருவது இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் நுண்ணிய சுரப்பிகளிலிருந்து. மேல் இமையில் மட்டுமே 25-லிருந்து 40 வரை இருக்கும். அந்த எண்ணெய் குறைந்தாலோ நெய் உறைந்த மாதிரி கெட்டியாகிப் போனாலோ, கீழே உள்ள தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும்.

வலிநோக்கம் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு அடுத்தது எளிதில் புரியும். பாத்தியில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறும் இல்லையா, கண்ணிலும் அதே கதைதான். தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும், அந்தக் கரிப்பு கண்ணின் மேல்தோலை அரிக்கும், அதனால் வீக்கம் வரும், வீக்கத்தால் நல்ல கண்ணீர் இன்னும் குறையும். கண் எரிந்ததும் உள்ளே இருக்கும் கண்ணீர்ச் சுரப்பி பதறிப்போய் ஒரேயடியாகத் தண்ணீரைக் கொட்டும். ஆனால் அதில் எண்ணெயும் வழவழப்பும் போதாது, கண்ணில் நிற்காமல் கன்னத்தில் ஓடிவிடும். வழிந்து முடிந்ததும் கண் பழையபடி காய்ந்துவிடும்.

சுற்றிலும் கடல், காற்றிலேயே ஈரம். இங்கே எப்படிக் கண் வறளும்?

ஈரம் இருப்பது உண்மைதான். ஆனால் கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடி மாதங்களில் பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். முகத்துக்கு நேரே அடிக்கும் காற்று கண்ணீர்ப் படலத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். கூடவே மணலும் உப்புத் தூசியும். தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் வேறு. முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் கரிமூட்டத்துப் புகையில் நிற்பவர்களுக்கும் இதே தொல்லை.

இன்னொன்று, காரணம் வெளியில் மட்டும் இல்லை. அதே காற்றில் அதே வேலை பார்க்கும் பத்துப் பேரில் சிலருக்குத்தான் நோயாக மாறுகிறது. அந்தச் சிலருக்குள் என்ன குறை என்று பார்ப்பதற்குத்தான் டாக்டர் வேண்டும்.

யாருக்கெல்லாம் வரும்?

வயது கூடக் கூட வரும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்குக் கூடுதலாகவே வரும். சர்க்கரை, தைராய்டு, முடக்குவாதம் இருப்பவர்கள், கண்புரை ஆபரேஷனோ லேசர் கண் சிகிச்சையோ செய்துகொண்டவர்கள், கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள், முகவாதம் வந்து இமை சரியாக மூடாதவர்கள், இவர்களும் கவனிக்க வேண்டும். சளி, அரிப்புக்கு அடிக்கடி போடும் மாத்திரை, மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின், கண் அழுத்த நோய்க்கு வருடக்கணக்கில் விடும் சொட்டு மருந்து, இவையும் கண்ணை உலர்த்தும். அதற்காக நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் மாற்று உண்டா என்று அவர் பார்ப்பார்.

அப்புறம் போன். பேசிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்குப் பதினைந்து தடவை போல இமைக்கிறோம், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை, இமைப்பதும் அரைகுறையாகத்தான். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டியிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போய், வெளியே பாலைவனக் காற்றும் உள்ளே நாள் முழுக்க ஏசியுமாக இருக்கிற பிள்ளைகள் முப்பது வயதிலேயே கண் எரிகிறது என்று சொல்வதற்கு இதுவே பாதிக் காரணம்.

எனக்கு இருப்பது இதுதான் என்று எப்படித் தெரியும்?

எரிச்சல், உறுத்தல், சாயங்காலம் ஆனால் கூடுவது, காற்றுப்பட்டால் தண்ணீர் வழிவது, காலையில் இமை ஒட்டிக்கொள்வது, நூல் மாதிரி பீளை. பார்வை மங்கி, இரண்டு தடவை இமைத்ததும் தெளிவாவது முக்கியமான அடையாளம். கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்தும் தெளியாத பலருக்கு இதுதான் பிரச்சினை.

ஆனால் கடும் வலி, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாத கூச்சம், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, திடீரென்று பார்வை குறைவது, கண்ணில் முள்ளோ மீன் செதிலோ கயிறோ பட்ட பிறகு சிவப்பது, இவை உலர் கண் என்று நினைத்து வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயம் இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கருவிழிப் புண்ணாக இருந்தால் ஒரு ராத்திரி தாமதமும் பார்வையைக் கெடுக்கும். வெள்ளையில் சதை வளர்ந்து கருவிழிமேல் ஏறுவது வேறொன்று. நம் மீனவர்களிடம் அதிகம் பார்க்கலாம், வெயிலால் வருவது, அதோடு வறட்சியும் சேர்ந்தே இருக்கலாம்.

மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டால் போதாதா?

நாங்கள் செய்த தப்பு இதுதான், அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கடையில் "கண் சொட்டு மருந்து" என்று கேட்டால் கிடைப்பது ஒரே வகை இல்லை. ஈரம் கொடுக்கும் மருந்து, அதாவது கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், ஹையலூரோனேட் மாதிரி, ஓரளவு பாதுகாப்பானது. சிவப்பை உடனே எடுக்கும் மருந்து ரத்தக்குழாயைச் சுருக்கி வெளுக்கவைக்கும், நிறுத்தியதும் முன்னைவிடச் சிவக்கும். மூன்றாவது ஸ்டீராய்டு, வீக்கத்தை வேகமாக அடக்கும் மருந்து. அம்மாவுக்கு ஒரு கடையில் கொடுத்தது அதைத்தான், போட்ட இரண்டாம் நாளே சுகம், அதனால் தீரத் தீர அதையே வாங்கினோம். ஸ்டீராய்டை டாக்டர் பார்வையில் இல்லாமல் மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும், புரை சீக்கிரம் வரும். அழுத்தத்தால் போன பார்வை திரும்பாது. அம்மாவுக்கு அழுத்தம் ஏறியிருந்ததை மதுரையில் கண்டுபிடித்தார்கள், நிறுத்தியதும் இறங்கிவிட்டது, அந்த அளவில் தப்பித்தோம்.

ஈர மருந்திலும் ஒன்று கவனியுங்கள். பாட்டில் கெடாமல் இருக்க அதில் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு என்ற மருந்தே கண்ணின் மேல்தோலை உறுத்தும். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் விட வேண்டியிருந்தால் அது சேர்க்காத வகையை எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கள். விலை கொஞ்சம் கூடுதல்தான். பாட்டிலைத் திறந்து ஒரு மாதம் ஆனால் மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

எந்த டாக்டரிடம் போவது? எங்கே?

கண்ணாடிக் கடையில் பவர் மட்டும்தான் பார்ப்பார்கள். ஊருக்கு வரும் முகாம்களில் பெரும்பாலும் புரையைத்தான் தேடுவார்கள், "உங்களுக்குப் புரை இல்லை, போங்கள்" என்று சொன்னால் கண்ணில் நோயே இல்லை என்று அர்த்தம் ஆகாது. முதலில் ஒரு கண் டாக்டரைப் பாருங்கள். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் வந்திருக்கிறது, அதன் ஆஸ்பத்திரி கண் பிரிவிலிருந்தே தொடங்கலாம். லேசான வறட்சிக்கு அதுவே போதும்.

ஒன்றிரண்டு மாதம் ஒழுங்காக மருந்து விட்டும் குறையவில்லை, அல்லது வாய் வறட்சி, மூட்டு வலி கூடவே இருக்கிறது என்றால் "கருவிழிப் பிரிவு டாக்டரைப் பார்க்க வேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கண் டாக்டர்களிலேயே கருவிழி, விழித்திரை, கண் அழுத்தம் என்று தனித்தனியாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள், உலர் கண் கருவிழிக்காரர்களின் துறை. நமக்குக் கிட்டத்தில் மதுரை. அங்கே 1976-இல் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையிலும், அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் கண் சிகிச்சை உண்டு. 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் ரயில் பாலம் திறந்தபிறகு ராமேஸ்வரத்திலேயே ஏறி மதுரையில் இறங்கிவிடலாம். ரயிலிலோ பஸ்ஸிலோ போங்கள், கண்ணில் பாப்பா விரிய மருந்து விட்டால் சில மணி நேரம் கூசும், பைக்கில் போனால் திரும்பி ஓட்டிக்கொண்டு வர முடியாது.

போகும்போது என்ன எடுத்துக்கொண்டு போவது?

இதுவரை போட்ட எல்லாச் சொட்டு மருந்தும், காலிப் பாட்டிலாக இருந்தாலும் சரி. அம்மாவுக்கு ஸ்டீராய்டு விட்டிருக்கிறோம் என்பதே அந்தப் பாட்டிலைப் பார்த்துத்தான் தெரிந்தது. சர்க்கரை, பிரஷர் என்று தினமும் சாப்பிடும் மாத்திரைச் சீட்டு. அன்றைக்கு மை, சுர்மா வேண்டாம். பார்ப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு சொட்டு மருந்தும் விடாமல் இருந்தால் நல்லது, விட்டால் உண்மையான ஈரம் தெரியாது. கண் அழுத்தத்துக்கு விடும் மருந்து மட்டும் விதிவிலக்கு, அதை நிறுத்தாமல் வழக்கம்போலப் போடுங்கள்.

அங்கே என்ன பரிசோதனை செய்வார்கள்? வலிக்குமா?

வலிக்காது, கொஞ்சம் உறுத்தும். முதலில் மஞ்சள் சாயம் தொட்டுவைத்து நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். இமைக்காமல் இருக்கச் சொல்லி, கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் கிழிகிறது என்று எண்ணுவார்கள், பத்து நொடிக்கு முன்பே கிழிந்தால் குறை. மேல்தோலில் எங்கெல்லாம் புண் இருக்கிறதோ அங்கெல்லாம் அந்தச் சாயம் புள்ளி புள்ளியாக ஒட்டியிருக்கும். இமை ஓரத்தை அழுத்தி எண்ணெய் எப்படி வருகிறது என்று பார்ப்பார்கள், நல்லெண்ணெய் மாதிரி தெளிவாக வர வேண்டும், பற்பசை மாதிரி வந்தால் சுரப்பி அடைத்திருக்கிறது.

அப்புறம் ஷிர்மர் சோதனை. ஐந்து மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு தாள்துண்டு, அதன் நுனியை மடித்து, கீழ் இமையில் கொக்கி மாதிரி மாட்டிவிட்டு ஐந்து நிமிடம் உட்காரவைப்பார்கள். அம்மா இரண்டு கண்ணிலும் தாள் தொங்க, கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் எதிரே இருந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தாளில் பாதிக்கு மேல் ஈரம் ஊறிவிட்டது. அம்மாவின் தாளில் மடித்த இடத்துக்குக் கீழே ஒரு நகக்கண் அளவுக்கு ஊறி, அப்படியே நின்றுவிட்டது. எடுத்து அளந்தால் வலது கண் நாலு மில்லிமீட்டர், இடது மூன்று. பத்துக்குக் கீழே போனாலே குறைவு என்பார்கள், ஐந்துக்குக் கீழே என்றால் கடுமை. நாலு வருடம் அந்தக் கண்ணோடுதான் வெயிலில் நின்றிருக்கிறார்.

கண்ணுக்குப் போனால் வாயைப் பற்றி ஏன் கேட்கிறார்கள்?

எங்களிடமும் கேட்டார்கள். "தண்ணி குடிக்காம சோறு இறங்குதாம்மா?" என்று அந்த டாக்டரம்மா கேட்டதும் அம்மா சொன்னார், "எங்க தாயி, நாலு வாய்க்கு ஒரு மடக்கு தண்ணி வேணும்." வீட்டில் தினமும் பார்க்கிறோம், சாப்பாட்டுக்குப் பக்கத்தில் செம்பு இல்லாமல் அம்மா உட்கார மாட்டார், அதை ஒரு பழக்கம் என்றுதான் நினைத்திருந்தோம்.

ஷோக்ரன் நோய் என்று ஒன்று இருக்கிறது. சுவீடன் நாட்டுக் கண் டாக்டர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933-இல் விரிவாக எழுதியது. உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கே மிக அதிகம், நாற்பது, ஐம்பது வயதில் தெரியவரும், முடக்குவாதத்தோடு சேர்ந்தும் வரும். ரத்தப் பரிசோதனை, சில சமயம் உதட்டின் உட்புறத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதனை. உறுதியானால் மூட்டு நோய் டாக்டரும் சேர்ந்து பார்க்க வேண்டும், கண்ணுக்கு மட்டும் மருந்து விட்டால் போதாது. நீங்கள் போகும்போது பல் சொத்தை, வாய் வறட்சி, விரல் மூட்டு வலி, தீராத அசதி எது இருந்தாலும் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

சிகிச்சை என்ன?

எந்த வகை என்பதைப் பொறுத்தது. எண்ணெய்ச் சுரப்பி அடைப்பு என்றால் ஒத்தடம், இமைச் சுத்தம், தேவைப்பட்டால் டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து. பெரிய ஆஸ்பத்திரிகளில் சுரப்பியைச் சூடாக்கித் திறக்கும் கருவிகளும் உண்டு, செலவு அதிகம், எல்லோருக்கும் தேவையும் இல்லை. தண்ணீர்க் குறைவு என்றால் ஈர மருந்து, ராத்திரியில் களிம்பு. வீக்கத்தை அடக்க சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து எழுதுவார்கள், அது போட்டதும் காந்தும், பலன் தெரிய ஒன்றிரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம்வரை ஆகும். பலர் முதல் பாட்டிலோடு விட்டுவிடுகிறார்கள், அம்மாவும் விடப் பார்த்தார். மூன்றாம் மாதம்தான் காலையில் கண் ஒட்டாமல் திறந்தது.

இமையின் மூக்கோரத்தில் மேலும் கீழும் ஊசித்துளை மாதிரி ஓட்டை இருக்கிறது, கண்ணீர் மூக்குக்குள் வடிவது அதன் வழியாகத்தான். சொட்டு மருந்து தொண்டையில் கசப்பது அதனால்தான். அந்த ஓட்டையில் எள்ளைவிடச் சிறிய அடைப்பானை வைத்தால் இருக்கிற கண்ணீர் கண்ணிலேயே தங்கும். இன்னும் கடுமையானால் நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த சீரம் என்ற தெளிந்த நீரைச் சொட்டு மருந்தாகக் கொடுப்பார்கள், அல்லது உள்ளே நீர் நிற்கும் பெரிய ஸ்கிளீரல் லென்ஸ் பொருத்துவார்கள்.

ஒத்தடம் எப்படிக் கொடுப்பது?

சுத்தமான வெள்ளைத் துணியை வெதுவெதுப்பான நீரில் பிழிந்து, மூடிய கண்மேல் ஐந்திலிருந்து பத்து நிமிடம். முன்கையில் வைத்துப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. துணி ஒன்றிரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், திரும்பத் திரும்ப நனைக்காவிட்டால் பலனில்லை. பிறகு விரலால் மேல் இமையை மேலிருந்து கீழே, கீழ் இமையைக் கீழிருந்து மேலே மெல்ல நீவுங்கள். உறைந்த எண்ணெய் அப்போதுதான் வெளியே வரும். தினமும் செய்ய வேண்டும்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டை, கடல் தண்ணீர்?

கண்ணுக்குள் எதுவும் வேண்டாம். நந்தியாவட்டைப் பூவை மூடிய கண்மேல் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும், பாட்டி வைத்துவிட்ட ஞாபகம் எனக்கும் உண்டு, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சாறு பிழிய வேண்டாம். தாய்ப்பாலிலும் வீட்டு எண்ணெயிலும் கிருமி இருக்கலாம், வறண்டு புண்ணான கண்ணில் அது சுலபமாக ஏறிவிடும். கடல் தண்ணீரில் உப்பு ஏறத்தாழ மூன்றரை சதவீதம், கண்ணீரில் ஒரு சதவீதம்கூட இல்லை. கரிப்பால் வந்த நோய்க்கு அதைவிடக் கரிப்பானதை ஊற்றலாமா?

நாங்கள் தினமும் மீன் சாப்பிடுகிறோமே, மீன் எண்ணெய் மாத்திரை தேவையா?

மீன் நல்லது, தாராளமாகச் சாப்பிடுங்கள். மாத்திரைக்குச் செலவழிக்கும் முன் இது தெரிந்திருக்கட்டும்: 2018-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் ஐந்நூறு பேருக்கு மேல் ஒரு வருடம் பார்த்தார்கள், பாதிக்கு மேற்பட்டோருக்கு மீன் எண்ணெய், மற்றவர்களுக்கு ஆலிவ் எண்ணெய். இரண்டு பக்கமும் ஓரளவு குறைந்தது, மீன் எண்ணெய்க்குத் தனியாகச் சொல்லும்படி பலன் இல்லை. அந்தக் காசுக்கு நல்ல சொட்டு மருந்து வாங்கலாம்.

வேலையை விட முடியாது. என்ன செய்வது?

யாரும் விடச் சொல்லவில்லை. பக்கவாட்டிலும் மூடும் கண்ணாடி போடுங்கள், படகில் போகிறவர்களும் கருவாடு, உப்பளம், கரிமூட்டம் என்று நிற்பவர்களும் கட்டாயம். தொப்பி அல்லது தலைத்துண்டை நெற்றிக்கு இறக்கிக் கட்டுங்கள். காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வேலை செய்ய முடிந்தால் அதுவே பாதி மருந்து, அம்மா இப்போது மீன் பரப்பும்போது அப்படித்தான் உட்காருகிறார். பாசி எடுக்க முங்கும் பெண்கள் கரையேறியதும் நல்ல தண்ணீரில் முகம் கழுவுங்கள். உப்பும் செதிலும் ஒட்டிய கையால் கண்ணைக் கசக்காதீர்கள். ராத்திரி மின்விசிறி முகத்துக்கு நேரே சுற்றவேண்டாம்.

நோன்பு நேரத்தில் சொட்டு மருந்து விடலாமா?

கீழக்கரைத் தோழி கேட்டது. இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஒன்றான ஷாஃபி மத்ஹபில் கண்ணில் மருந்து விடுவதால் நோன்பு முறியாது என்பதே சொல்லப்படும் தீர்ப்பு. சந்தேகம் இருந்தால் உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு மாதம் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மருந்து விட்டதும் கண்ணை மூடி மூக்கோரத்தை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் தொண்டைக்கு இறங்குவதும் குறையும்.

முழுதாகக் குணமாகுமா?

மாத்திரையாலோ செல்போன் பார்ப்பதாலோ வந்ததென்றால் காரணம் போனதும் பெரும்பாலும் தீரும். மற்றவர்களுக்குச் சர்க்கரை மாதிரி, கட்டுக்குள் வைத்துக்கொள்ளும் நோய். பார்வை போவது அரிது, கவனிக்காமல் கருவிழியில் புண்ணாகித் தழும்பானால்தான் அந்த ஆபத்து. அம்மா இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மதுரை போய்வருகிறார். போன தடவை தாள் ஏழு மில்லிமீட்டர் ஊறியது. ரயிலில் திரும்பும்போது பாலத்தில் ஜன்னல் கதவை இறக்கச் சொன்னார், காற்று அடிக்கிறதாம்.